பிளக் பொருந்துவது வேறு, பாயிண்ட் தாங்குவது வேறு

புது இண்டக்ஷன் அடுப்பின் பெட்டியைப் பிரித்தால் தடித்த மூன்று பின் கொண்ட பிளக் இருக்கும். சமையல் மேடைக்கு மேலே சுவரில் இருப்பதோ சின்னத் துளைகள் உள்ள பாயிண்ட். தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் கேட்டால் ஒரு கன்வர்ஷன் பிளக் எடுத்துத் தருவார்கள். பெரியதை அதில் செருகி, அதைச் சின்னதில் செருகினால் அடுப்பு வேலை செய்கிறது, பால் பொங்குகிறது, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றுகிறது. சில மாதங்கள் கழித்து அந்தப் பாயிண்ட்டின் வெள்ளை முகம் பழுப்பேறி, கருகல் வாடை அடிக்கும்போது, "அடுப்பு மட்டமான சரக்கு" என்று பழி அடுப்பின் மேல் விழும்.

அடுப்பில் ஒரு குறையும் இல்லை. தனக்கு வேண்டிய கரண்டை அது எடுத்துக்கொண்டது. அந்தக் கரண்டைச் சுமக்கிற வேலை, சுமக்க முடியாத ஒரு பாயிண்ட்டின் தலையில் விழுந்ததுதான் தவறு. "லோடு தாங்காது", "வோல்டேஜ் ஜாஸ்தி இழுக்கும்", "பதினஞ்சு ஆம்ஸ் போட்டா போதும்" என்று வீட்டில் எல்லோரும் பேசுகிறோம். இந்தச் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டால், எந்தச் சாதனத்தை எங்கே மாட்டலாம் என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

மூன்று சொற்கள், ஒரு கணக்கு

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம் கீழே குழாயில் கிடைக்கும். மின்சாரத்தில் அந்த அழுத்தத்துக்குப் பெயர் வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். குழாயைத் திறந்தால் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற அளவைப் போன்றது ஆம்பியர், பேச்சில் "ஆம்ஸ்". அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து எவ்வளவு வேகத்தில் வேலை செய்கின்றன என்பது வாட்.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஆகவே ஆம்பியர் வேண்டுமென்றால் வாட்டை 230-ஆல் வகுக்க வேண்டும். 750 வாட் மிக்சி 3.3 ஆம்பியர், 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3, 2,000 வாட் கீசர் 8.7, 3,000 வாட் உடனடி கீசர் 13 ஆம்பியர். ஹீட்டர் வகைகளுக்கு இந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தும். மோட்டார் உள்ளவை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும்.

"வோல்டேஜ் ஜாஸ்தி இழுக்கும்" என்று சொல்வது தவறு. வோல்ட்டேஜ் என்பது லைனில் வந்து நிற்பது. சாதனம் இழுப்பது ஆம்பியரைத்தான். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதையும் சாதனமே தீர்மானிக்கிறது. பெரிய பாயிண்ட்டில் சின்ன சாதனத்தை மாட்டினால் பாயிண்ட் அதற்குள் அதிகக் கரண்டைத் தள்ளிவிடாது. 16 ஆம்பியர் பாயிண்ட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டினாலும் அது தனக்கு வேண்டிய 0.04 ஆம்பியரை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

சின்னத் துளை, பெரிய துளை

இந்தியாவில் பிளக்கும் சாக்கெட்டும் ஐ.எஸ். 1293 என்ற தர அளவுப்படி செய்யப்படுகின்றன. அதில் வீட்டுக்கு இரண்டு அளவுகள்: 6 ஆம்பியர், 16 ஆம்பியர். இவற்றின் பழைய பெயர்கள்தான் 5 ஆம்ஸ், 15 ஆம்ஸ். பெரியதைப் பலரும் பவர் பிளக், பவர் பாயிண்ட் என்பார்கள்.

6 ஆம்பியர் பிளக்கின் இரண்டு பின்களும் ஏறக்குறைய 5 மி.மீ. தடிமன், 16 ஆம்பியரில் 7 மி.மீ. பெரியது சின்னதில் நுழையாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். துளையின் அளவே ஓர் எச்சரிக்கை: உன் சாதனத்துக்கு இந்தப் பாயிண்ட் போதாது என்று சுவர் சொல்கிறது. கன்வர்ஷன் பிளக் அந்த எச்சரிக்கையைக் கழற்றி எறிகிறது, வேறு எதையும் மாற்றுவதில்லை. அதை விற்பவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வாங்குபவருக்கு இந்த விஷயம் தெரிய வேண்டும்.

6 ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் 1,380 வாட். சின்னப் பாயிண்ட்டின் மேல் எல்லை அது. நடைமுறையில் நீண்ட நேரம் ஓடும் எதையும் 1,000 வாட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பெரிய பாயிண்ட்டுக்கு எல்லை 3,680 வாட்; நீண்ட நேர ஓட்டத்துக்கு 3,000 வரை வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். அது 6-க்கு மேல் போனால் பெரிய பாயிண்ட் கட்டாயம். எவ்வளவு கரண்ட் என்பதைச் சாதனம் முடிவு செய்கிறது. பாயிண்ட் அதைச் சுமக்கிறது.

சூடு எங்கே பிறக்கிறது

பாயிண்ட் கருகுவதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் "அதிகக் கரண்ட் போச்சு" என்பார்கள். பாதிப் பதில்தான் அது. அதே கரண்ட் அதே ஒயரிலும் ஓடியிருக்கிறது. ஒயர் கருகவில்லை, பாயிண்ட் மட்டும் ஏன் கருகியது?

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கயிறு பெரும்பாலும் நடுவில் அறுந்து போகாது. முடிச்சு போட்ட இடத்தில்தான் அறும். மின் பாதையில் முடிச்சு என்பது இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடம்: பிளக்கின் பின்னும் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வியும் தொடும் புள்ளி, ஒயரை முறுக்கித் திருகிய ஸ்க்ரூ, சுவிட்சுக்குள் இருக்கும் காண்டாக்ட். ஒயருக்குள் கரண்ட் முழு அகலத்தில் ஓடுகிறது. இந்த இடங்களில் நிஜமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் சில பொட்டுகள் வழியாக மட்டும் நெருக்கிக்கொண்டு போகிறது. ஓட்டத்துக்கு வரும் இந்தத் தடைக்குப் பெயர் மின்தடை. அதன் அளவு ஓம்.

சூடு எவ்வளவு வரும் என்பதற்கு விதி எளிது: ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, பிறகு ஓமால் பெருக்க வேண்டும். தளர்ந்த ஒரு காண்டாக்டில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிக்சியின் 3.3 ஆம்பியர் அதில் ஓடினால் 1 வாட் சூடு. கையில் தெரியவே தெரியாது. அதே இடத்தில் உடனடி கீசரின் 13 ஆம்பியர் ஓடினால் 13 பெருக்கல் 13 பெருக்கல் 0.1, அதாவது ஏறக்குறைய 17 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கடுகளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவில், காற்றுப் போகாத பெட்டிக்குள் அந்த 17 வாட் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

கரண்ட் 4 மடங்கு ஆனபோது சூடு 16 மடங்கு ஏறியதைக் கவனியுங்கள். "இத்தனை வருஷமா மிக்சி ஓடுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் கீசருக்குச் செல்லாமல் போவது இதனால்தான்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. சூடேறிய பித்தளைக் கவ்வி தன் இறுக்கத்தை இழக்கிறது, மேற்பரப்பில் கருமை படிகிறது. பிடி தளர்ந்ததும் தடை கூடுகிறது. தடை கூடியதும் சூடு இன்னும் ஏறுகிறது. முதல் ஆறு மாதம் லேசான வெதுவெதுப்பு, பிறகு ஒரே வாரத்தில் கருகல் என்று நடப்பது இந்தச் சுழலால். பின்னில் கருமை, செருகும்போது இறுக்கமே இல்லாத தளர்வு, பாயிண்ட்டுக்குள் "சர்ர்" என்ற சத்தம், மீன் வாடை போன்ற கருகல் நாற்றம் – இவற்றில் ஒன்று வந்தாலும் அந்தச் சாக்கெட்டைத் துடைத்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். கருகிய பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கருகிய பின் புதிய கவ்வியையும் கெடுத்துவிடும்.

சுவருக்குப் பின்னால் இருப்பது

வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். கீசர் வாங்கியதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய சின்னச் சாக்கெட்டைக் கழற்றிப் பெரிய சாக்கெட் போட்டுக்கொள்கிறார்கள். சில சமயம் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் பழைய 6 ஆம்பியர் சுவிட்சாகவே இருந்துவிடும். உள்ளே ஒயர் எப்போதும் பழையதுதான். முகம் 16 ஆம்பியர், உடம்பு 6 ஆம்பியர். கன்வர்ஷன் பிளக்கைவிட இது ஆபத்து, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

ஒயரின் தடிமனை ஸ்கொயர் மி.மீ. கணக்கில் சொல்வார்கள், உள்ளே இருக்கும் செம்பின் வெட்டுமுகப் பரப்பு அது. வீடுகளில் லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5 ஸ்கொயர், சின்னப் பாயிண்ட்டுக்கு 1.5, பெரிய பாயிண்ட்டுக்கு 2.5, ஏ.சி.க்கும் பெரிய கீசருக்கும் 4 ஸ்கொயர் என்று இழுப்பது வழக்கம். 1.5 ஸ்கொயர் செம்பு ஒயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். 4 ஸ்கொயர் சுமார் 4.6 ஓம். வீட்டு லைன்கள் எல்லாம் பிரிந்து கிளம்பும் டி.பி. பெட்டியிலிருந்து குளியலறை 20 மீட்டர் என்றால் போக 20, வர 20, மொத்தம் 40 மீட்டர். அதில் 13 ஆம்பியர் ஓடினால் 1.5 ஸ்கொயரில் 80 வாட்டுக்கு மேல் சூடாகவே வீணாகும். 4 ஸ்கொயரில் அது ஏறக்குறைய 30.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒயர் போகும் பைப் பெரும்பாலும் மேல்தளக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அந்தக் கான்கிரீட்டே கொதிக்கும். வழக்கமான பி.வி.சி. உறை தாங்கும் எல்லை 70 டிகிரி. ஒயர் கம்பெனி அட்டவணையில் போட்டிருக்கும் ஆம்பியர் அளவுகள் இதைவிடக் குளிர்ந்த சூழலுக்கானவை. மேல்தள வீடுகளில் ஏ.சி. ஒயரை ஒரு படி தடிமனாக இழுங்கள் என்று சொல்லும் எலக்ட்ரீஷியன் உங்கள் காசைப் பறிக்கப் பார்க்கவில்லை.

ஒயரைக் காப்பது டி.பி. பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. எல்லை மீறிக் கரண்ட் ஓடினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. அது காப்பது ஒயரை. சாதனத்தையும் காக்காது, உங்களையும் காக்காது. தளர்ந்த சாக்கெட்டையும் அதனால் காக்க முடியாது, ஏனென்றால் சாக்கெட் கருகும்போது கரண்ட் கூடுவதில்லை. அதே 13 ஆம்பியர்தான் ஓடிக்கொண்டிருக்கும். "எம்.சி.பி. இருக்கே, ஏன் விழலை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

அதைவிட நுட்பமான ஒன்று: 16 ஆம்பியர் எம்.சி.பி. 16-ஐத் தாண்டிய நொடியில் விழாது. தர விதிப்படி 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் அது விழக் கூடாது. 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இடையில் உள்ளதில் விழலாம், விழாமலும் இருக்கலாம். காலை ஏழு மணிச் சமையலறையில் இண்டக்ஷன் 2,000, கெட்டில் 1,500, மிக்சி 750, பிரிட்ஜ் 200 வாட் என்று ஒரே லைனில் ஓடினால் மொத்தம் 4,450 வாட், 19 ஆம்பியருக்கு மேல். எம்.சி.பி. பேசாமல் இருக்கலாம், 1.5 ஸ்கொயர் ஒயர் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக 10 ஆம்பியரைக் கழற்றி 20 போடுவது, பீங்கான் கட்டை ஃபியூஸில் கம்பியை இரட்டித்துச் சுற்றிய பழைய பழக்கத்தின் புது வடிவம். ஒயர் மாறாமல் எம்.சி.பி. அளவை ஏற்றவே கூடாது. விழுவது தொல்லையாக இருந்தால் லோடைப் பிரியுங்கள், அல்லது புது ஒயர் இழுங்கள்.

பாயிண்ட் என்பது சாக்கெட் மட்டும் இல்லை: சாக்கெட், சுவிட்ச், ஒயர், எம்.சி.பி. நான்கும் சேர்ந்தது. நான்கில் எது சின்னதோ அதுதான் அந்தப் பாயிண்ட்டின் உண்மையான அளவு.

சின்னதைப் பெரியதில் மாட்டலாமா

மாட்டலாம். ஆறு துளை கொண்ட 6/16 கூட்டு சாக்கெட்டுகள் அதற்காகவே இருக்கின்றன. ஒரே ஒரு கவனம்: அந்தப் பாயிண்ட்டின் எம்.சி.பி. 16 அல்லது 20 ஆம்பியர். மேசை விளக்கின் மெல்லிய ஒயர் பழுதாகி அதில் 10 ஆம்பியர் ஓடினால் எம்.சி.பி.க்கு அது சாதாரணக் கரண்ட். ஆகவே பெரிய பாயிண்ட்டில் மாட்டும் சின்ன சாதனத்தின் ஒயர் வெடிப்போ நசுங்கலோ இல்லாமல் இருக்க வேண்டும். முழு ஷார்ட் சர்க்யூட் ஆனால் கரண்ட் பல நூறு ஆம்பியருக்கு ஏறும், அப்போது எம்.சி.பி. கண் சிமிட்டும் நேரத்தில் விழும்.

ஆனால் பெரிய பிளக்குக்காக அகன்ற கவ்வியில் சின்னப் பின் தளர்ந்து ஆடினால் வேண்டாம். மேலே சொன்ன முடிச்சு விவகாரம் அங்கேயும் உண்டு.

சாதனங்களில் எது எங்கே

டி.வி., ஃபேன், லேப்டாப், செல்போன் சார்ஜர், டேபிள் டாப் கிரைண்டர் – இவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், சின்னப் பாயிண்ட் போதும். மிக்சிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் அதே. அயர்ன் பாக்ஸை மட்டும் எக்ஸ்டென்ஷனில் போடாமல் நேரே சுவரில் மாட்டுங்கள்.

கெட்டில் ஏமாற்றும் பண்டம். கையடக்கமாக இருப்பதால் சின்ன லோடு என்று நினைப்போம். 1,500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கிறது. பெரிய பாயிண்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

மைக்ரோவேவ் இன்னொரு குழப்பம். பெட்டியில் 800 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து இழுப்பது 1,200 வாட்டுக்கு மேல். கன்வெக்ஷன் உள்ள மாடல் 2,000-ஐத் தாண்டும். விளம்பர எண்ணைப் பார்க்காமல், பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் "இன்புட்" என்ற வரியைப் பாருங்கள்.

வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் ஹீட்டர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஹீட்டர் இல்லாத டாப் லோடு சின்னப் பாயிண்ட்டில் ஓடும். முன்பக்கம் கதவுள்ள மாடல்களில் 2,000 வாட் அளவுக்கு ஹீட்டர் இருக்கும். அதற்குப் பெரிய பாயிண்ட், அதுவும் தனி லைன்.

கீசரில் 15 லிட்டர், 25 லிட்டர் சேமிப்பு வகை பெரும்பாலும் 2,000 வாட். 3 லிட்டர் உடனடி வகை 3,000 வாட். தொட்டி சின்னது, லோடு பெரியது. 4,500 வாட் உடனடி மாடலும் விற்கிறார்கள். அது 19.6 ஆம்பியர், 16 ஆம்பியர் பிளக்குக்கும் அடங்காது. 4 ஸ்கொயருக்குக் குறையாத ஒயரை டி.பி.யிலிருந்து நேரே இழுத்து, பிளக்கே இல்லாமல் தனி சுவிட்ச் வழியாக இணைக்க வேண்டும்.

மின் ஸ்கூட்டர் சார்ஜர் வாட்டில் பெரியதில்லை, 700, 800 அளவில் பல உண்டு. ஆனால் நான்கைந்து மணி நேரம் இடைவிடாமல் ஓடும். இடைவிடாத ஓட்டத்தில்தான் தளர்ந்த காண்டாக்ட் முழுச் சூட்டை எட்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பழைய பாயிண்ட்டில், எக்ஸ்டென்ஷன் போட்டு, இரவு முழுதும் யாரும் பார்க்காமல் சார்ஜ் ஏற்றுவது உண்மையிலேயே கவலை தரும் பழக்கம். அதற்கென்று எர்த்தோடு ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏ.சி., பிரிட்ஜ், மோட்டார்

ஒன்றரை டன் என்றால் எத்தனை வாட்? டன் என்பது மின்சார அளவே இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குமோ அந்தக் குளிரூட்டும் திறன் அது; ஏறக்குறைய 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. 5.2 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்ற ஒன்றரைக் கிலோவாட் அளவு மின்சாரம் எடுக்கிறது. 7 ஆம்பியர் சுற்றி.

அப்படியானால் ஏன் 4 ஸ்கொயரும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும்? மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த நொடியில் வழக்கமான கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். இதுதான் ஸ்டார்ட்டிங் கரண்ட். பழைய வகை ஏ.சி., பிரிட்ஜ், போர் மோட்டார் எல்லாவற்றிலும் உண்டு. பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது விளக்கு ஒரு கணம் மங்குவது இதனால். இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாக வேகம் எடுப்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. எம்.சி.பி.யில் எண்ணுக்கு முன்னால் பி, சி என்று ஆங்கில எழுத்து இருக்கும். பி வகை 3 முதல் 5 மடங்கு கரண்டில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். ஆகவே மோட்டார் லைனுக்கு சி வகை. ஏ.சி. போட்டதும் எம்.சி.பி. விழுந்தால் முதலில் இந்த எழுத்தைப் பாருங்கள்.

கோடை இரவுகளில் வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கினால் இன்னொன்று நடக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி. அதே வேலையைச் செய்ய ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும்: 1,500 வாட்டுக்கு 6.5 எடுத்தது 7.9 எடுக்கும். ஸ்டெபிலைசர் வைத்தாலும் அது சுவரிலிருந்து கூடுதலாக இழுத்துத்தான் ஏ.சி.க்கு 230 கொடுக்கிறது. வோல்ட்டேஜ் குறைந்தால் ஒயருக்குச் சுமை குறையும் என்பது ஹீட்டருக்கு மட்டும் உண்மை.

மூன்றாவது பின்

தடித்து, நீளமாக, மேலே இருப்பது எர்த் பின். சாதனத்தின் இரும்பு உடம்பைப் பூமியோடு இணைப்பது அதன் வேலை. உள்ளே கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸ் ஒயர் உரிந்து உடம்பில் பட்டால் கரண்ட் உங்கள் வழியாகப் போகாமல் அந்தப் பச்சை ஒயர் வழியாகப் போகும். மற்றவற்றைவிட நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் இணைகிறது, பிடுங்கும்போது கடைசியில் பிரிகிறது.

எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னோடு பயன்படுத்துவது, தீக்குச்சியைச் செருகி சாக்கெட் துளையின் உள்மூடியைத் திறந்து வெறும் ஒயரை நுழைப்பது – இந்த இரண்டும் வீட்டில் நடக்கவே கூடாது. தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருக்கும் சாதனத்துக்கு மட்டும் எர்த் தேவையில்லை. அதில் இரட்டை உறை உண்டு. டிரிம்மரும் சார்ஜரும் இரண்டு பின்னோடு வருவது அதனால்.

மனிதரைக் காக்கும் கருவி ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்ட், திரும்பும் ஒயரான நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, குறைந்தாலும் விழும். எம்.சி.பி.க்கு இந்த அளவு கண்ணிலேயே படாது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. அன்றைக்கே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷனும் வெளிநாட்டுப் பொருளும்

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஐந்து சாக்கெட் இருந்தாலும் அதன் ஒயர் ஒன்றுதான், பிளக்கும் ஒன்றுதான். 6 ஆம்பியர் பிளக் என்றால் ஐந்துக்கும் சேர்த்து 6 ஆம்பியர். ஹீட்டர் வகை எதையும் அதில் போடாதீர்கள். நீளமான ஒயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டினால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியின்றி உறை இளகும். முழுதாக விரித்துவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் லைனும் இப்படித்தான்: 850 வி.ஏ. இன்வெர்ட்டர் 700 வாட் அளவுக்கு மேல் தராது. அந்த லைனில் இருக்கும் பாயிண்ட்டில் அயர்ன் பாக்ஸ் மாட்டினால் கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

துபாய், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் சாதனங்களில் தட்டையான மூன்று பின் இருக்கும். மின்சாரம் நம்முடையதைப் போன்றதே: 230, 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு, அதன் எல்லை 13 ஆம்பியர். அங்கே விற்கும் கெட்டில்கள் 3,000 வாட் வரை உண்டு, ஆகவே வாட்டைப் பார்த்து அதற்கேற்ற இந்தியப் பிளக்கை ஒயரில் மாற்றிப் போட்டுக்கொள்வதே சரி. பல நாட்டுப் பின்னும் நுழையும் யுனிவர்சல் அடாப்டரில் பிடியும் தளர்வு, பலவற்றில் எர்த்தும் இணையாது.

அமெரிக்காவிலிருந்து வரும் பொருள் முற்றிலும் வேறு கதை. அங்கே 120 வோல்ட். அதற்காகச் செய்த 1,000 வாட் ஹீட்டரை 230-இல் மாட்டினால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய 3.7 மடங்கு ஆகும். சில நொடிகளில் முடிந்துவிடும். தகட்டில் "100–240" என்று இருக்கும் சார்ஜர்கள் மட்டும் பாதுகாப்பாக ஓடும்.

உங்கள் வீட்டைச் சோதிக்க

1. பெரிய சாதனங்களின் தகட்டைப் படித்து இன்புட் வாட்டை எழுதுங்கள், 230-ஆல் வகுங்கள்.

2. டி.பி. பெட்டியில் ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கி, எந்தெந்தப் பாயிண்ட் நிற்கிறது என்று குறியுங்கள். ஒரே எம்.சி.பி.யில் எத்தனை சாதனம் சேர்ந்து ஓடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்; பலருக்கும் அதிர்ச்சி தருவது இந்தப் படிதான்.

3. பெரிய லோடை 20 நிமிடம் ஓட்டி, சுவிட்சை அணைத்த பிறகு பிளக்கின் உடம்பைத் தொடுங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்தப் பாயிண்ட்டை இனி பயன்படுத்தாதீர்கள்.

4. ஒயர் அளவு தெரியாத 16 ஆம்பியர் பாயிண்ட் எதுவானாலும், மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒயரின் உறையில் அளவு அச்சிட்டிருக்கும். 1.5 என்று இருந்தால் ஒயரை 2.5 அல்லது 4-க்கு மாற்றும் வரை அதில் கீசரோ இண்டக்ஷனோ வேண்டாம்.

இரண்டாம் படியில் எழுதிய பட்டியலைக் கிழித்துப் போடாமல் டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்து வாங்கும் சாதனத்தின் ஆம்பியரை அதில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.